கனரக பிக்கப்புக்குப் புதிய ஷாக் அப்சார்பர்: தேர்வு முதல் மாட்டுவது வரை

அமெரிக்காவிலோ கனடாவிலோ முதன்முறையாக ஒரு கனரக பிக்கப், அதாவது பின்னால் திறந்த சரக்குத் தளமுள்ள பெரிய வண்டி, வாங்குகிறவர் சில மாதங்களில் இரண்டு குறைகளைச் சொல்ல ஆரம்பிப்பார். வண்டி காலியாக ஓடும்போது சாலையின் ஒவ்வோர் ஒட்டிலும் முதுகு அதிர்கிறது என்பது ஒன்று. ட்ரெய்லரை மாட்டினால் பின்பக்கம் அமிழ்ந்து, முகப்பு வானத்தைப் பார்க்கிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் கடையில் முதலில் எடுத்துக் காட்டப்படுவது பளபளக்கும் ஷாக் அப்சார்பர்தான். ஆனால் இரண்டாவது குறையை எந்த ஷாக்கும் தீர்க்காது. முதல் குறையையும் ஓரளவுக்குத்தான் தீர்க்கும். இது தெரியாமல் ஆயிரக்கணக்கான டாலரைக் கொட்டிவிட்டு, அதே வண்டியை அதே குறையோடு ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் இதை அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

எடையைச் சுமப்பது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரியும். விரிந்தது மறுபடி அமுங்கும். யாராவது அடக்காவிட்டால் அந்த ஆட்டம் நிற்க நெடுநேரமாகும். அதை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் ஒரு பிஸ்டன் எண்ணெயில் மேலும் கீழும் போகிறது. பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியாக எண்ணெய் சிரமப்பட்டு நுழைகிறது. அந்தச் சிரமமே வெப்பமாகி வெளியேறுகிறது. நிற்கும் வண்டியில் ஷாக்கைக் கழற்றி வைத்தாலும் வண்டியின் உயரம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். பின்பக்கம் உட்கார்ந்துபோவது ஸ்பிரிங்கும் எடையும் சம்பந்தப்பட்டது. ஆட்டம் நிற்காமல் தொடர்வதுதான் ஷாக்கின் பிரச்சினை.

வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது

கடைக்குப் போவதற்கு முன் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து பாருங்கள். மூன்று நிறுவனங்களும் மூன்று விதமாகக் கட்டியிருக்கின்றன.

ஃபோர்டு எஃப்-250, எஃப்-350 நான்கு சக்கர இயக்க வண்டிகளில் முன்னால் ஒரே திடமான அச்சு. 2005 மாடல் முதல் அதன் மேல் சுருள் ஸ்பிரிங். அதற்கு முந்தைய வண்டிகளில் முன்னாலும் லீஃப் எனப்படும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டை ஸ்பிரிங்குகளே. பின்பக்கம் எப்போதும் லீஃப் பட்டைகள். ரேம் நான்கு சக்கர இயக்க வண்டிகளிலும் முன்னால் திடமான அச்சும் சுருள் ஸ்பிரிங்கும்தான். பின்பக்கத்தில் ரேம் 2500 மட்டும் 2014 முதல் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டது. 3500 லீஃப் பட்டையிலேயே தொடர்கிறது. தொழிற்சாலையிலேயே காற்றுப்பை பொருத்திய வண்டிகளும் இரண்டிலும் கிடைக்கின்றன. செவ்ரலே சில்வராடோ 2500எச்டி, ஜிஎம்சி சியரா 2500எச்டி இரண்டும் தனி வழியில் போகின்றன. முன்னால் இரண்டு சக்கரங்களும் ஒன்றையொன்று சாராமல் ஏறி இறங்கும். சுருளுக்குப் பதிலாக டார்ஷன் பார் என்னும் நீளமான முறுக்குக் கம்பி எடையைத் தாங்குகிறது. பின்னால் லீஃப் பட்டை.

இந்த மூன்றிலும் புதியவர்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. அரை டன் என்று அழைக்கப்படும் சிறிய பிக்கப்புகளில் முன்பக்கத்து ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அமர்ந்திருக்கும். அதைப் பிரிப்பதற்குச் சிறப்புக் கருவி வேண்டும், கவனம் தவறினால் உயிருக்கே ஆபத்து. கனரக வண்டிகளில் ஷாக் தனி, ஸ்பிரிங் தனி. ஆகவே ஷாக் மாற்றுவது வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய வேலை.

பழையது உண்மையிலேயே போய்விட்டதா

ஷாக்குகள் ஒரே நாளில் சாவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதால் ஓட்டுகிறவர் அதற்குப் பழகிவிடுகிறார். 50,000 மைல் நெருங்கும்போது தவறாமல் சோதித்துப் பாருங்கள். கனமான ட்ரெய்லர் இழுக்கும் வண்டியாக இருந்தால் அதற்கு முன்பே பார்ப்பது நல்லது.

முதலில் ஷாக்கின் உடலைப் பாருங்கள். பிஸ்டனோடு சேர்ந்த கம்பி உள்ளே நுழையும் இடத்தில் மெல்லிய ஈரப்படலமும் அதில் ஒட்டிய தூசியும் மட்டும் இருந்தால் கவலையில்லை. சீலைக் கடந்து கம்பியோடு வரும் எண்ணெய்ப் பூச்சு அது. ஈரம் உடலின் பாதிக்கு மேல் வழிந்து, விரலால் தொட்டால் எண்ணெய் சொட்டும் அளவுக்கு இருந்தால் அந்த ஷாக் முடிந்துவிட்டது. அடுத்து இரு முனைகளிலும் உள்ள ரப்பர் புஷ்களைப் பாருங்கள். வெடித்து, நசுங்கி, நடுவில் உள்ள இரும்புக் குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் பள்ளத்தில் இறங்கும்போது கேட்கும் "டொக்" சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

பிறகு டயர். உள்ளங்கையை டயரின் சுற்றளவில் மெதுவாக ஓட்டுங்கள். மேடும் குழியுமாக, கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருப்பது கைக்குத் தெரிந்தால், சக்கரம் தரையைவிட்டுத் துள்ளித் துள்ளி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சக்கரச் சமநிலைக் கோளாறும் இப்படித் தேய்க்கும் என்பதால் டயர் கடையில் அதையும் சோதித்துவிடுங்கள்.

பம்பரை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனை இந்த வண்டிகளுக்கு உதவாது. ஸ்பிரிங் அவ்வளவு கடினம். ஒருவர் எடைக்கு அது அசைந்து கொடுக்காது. அதைவிட நல்ல சோதனை, நெடுஞ்சாலைப் பாலங்கள். லூசியானாவில் ஐ-10 நெடுஞ்சாலையில் அச்சஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் ஏறத்தாழ 18 மைல் நீளத்துக்குப் பாலம் போகிறது. அப்படிப்பட்ட பாலத்தில் ட்ரெய்லரோடு போகும்போது ஓர் ஒட்டில் தொடங்கிய ஆட்டம் அடுத்த ஒட்டுக்குள் அடங்க வேண்டும். அடங்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து முகப்பு மேலும் கீழும் அலைந்தால் ஷாக் தளர்ந்துவிட்டது.

செலவில்லாத திருத்தம்: காற்றழுத்தம்

காலி வண்டி குலுங்குகிறது என்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது டயரில் எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான். இந்த வண்டிகளில் பலவற்றுக்கு எல்டி275/70ஆர்18 அளவில், கனத்த சுமைக்கான ஈ சுமை வகை டயர்கள் வருகின்றன. ஒரு டயர் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சுமார் 3,640 பவுண்டு தாங்கும். இரண்டு டயர் என்றால் 7,200 பவுண்டுக்கு மேல். காலி வண்டியின் பின் அச்சில் இறங்குவதோ அதில் பாதிக்கும் குறைவு. பாதிச் சுமைக்கு முழு அழுத்தம் வைத்து ஓட்டினால் டயர் கல்லாகத்தான் இருக்கும். மேலே எந்த ஷாக்கை மாட்டினாலும் அதிர்வு இருக்கையை வந்து சேரும்.

கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம் முழுச் சுமைக்கானது. சில மாடல்களின் கையேட்டில் குறைந்த சுமைக்கான அழுத்தமும் கொடுத்திருப்பார்கள். இல்லாவிட்டால் டயர் நிறுவனத்தின் சுமை–அழுத்த அட்டவணையை எடுத்து, எடைமேடையில் கிடைத்த அச்சு எடையை அதில் பொருத்திப் பார்த்து, சற்றுத் தாராளமாக வையுங்கள். ட்ரெய்லர் மாட்டும் நாளில் முழு அழுத்தத்துக்குத் திரும்பிவிட வேண்டும். இதில் மறதிக்கு இடமே இல்லை. குறைந்த காற்றோடு கனத்த சுமையை இழுத்தால் டயர் சூடாகி வெடிக்கும்.

எடைமேடைக்குப் போங்கள்

புதியவர்கள் தாண்டிப் போகிற படி இதுதான். தாண்டக் கூடாத படியும் இதுதான்.

லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் நிறுவனத்தின் எடைமேடைகள் அமெரிக்கா, கனடா முழுவதும் இருக்கின்றன. ஒவ்வோர் அச்சும் தனித் தட்டில் நிற்பதால் முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் என்று தனித்தனி எடை அச்சிட்டுத் தருவார்கள். டேங்க் நிறைய எரிபொருளோடு, வழக்கமாக வரும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு காலி வண்டியை ஒருமுறையும், ட்ரெய்லரை மாட்டி இன்னொரு முறையும் எடை போடுங்கள். கட்டணம் சிறியது, கிடைக்கும் தகவல் பெரியது.

அந்தச் சீட்டைக் கதவு ஸ்டிக்கரோடு ஒப்பிட வேண்டும். அதில் மூன்று எண்கள் முக்கியம்: வண்டியின் மொத்த எடை வரம்பான ஜிவிடபிள்யூஆர், முன் அச்சு வரம்பு, பின் அச்சு வரம்பு.

ஓர் உதாரணக் கணக்கு. டீசல் எஞ்சின் உள்ள ஒரு முக்கால் டன் (2500, எஃப்-250 வகை) வண்டியின் ஜிவிடபிள்யூஆர் 10,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர், எரிபொருளோடு எடைமேடை 7,900 காட்டுகிறது. மீதி 2,100 பவுண்டு, கிலோவில் 950-க்குச் சற்று மேல். இப்போது 12,000 பவுண்டு எடையுள்ள ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் (பிக்கப்பின் சரக்குத் தளத்தின் மேல் இணைவது) ஒன்றை வாங்க ஆசை. அந்த வகை ட்ரெய்லரின் எடையில் 15 முதல் 25 சதவீதம் வண்டியின் மேல் இறங்கும். 20 சதவீதம் என்றால் 2,400 பவுண்டு. பிக்கப்பின் படுக்கையில், அதாவது அந்தச் சரக்குத் தளத்தில், பொருத்தும் இணைப்புக் கருவியான ஹிட்சின் எடை அதற்கு மேல். மனைவியும் பிள்ளைகளும் ஏறுவதற்கு முன்பே வரம்பு போய்விட்டது.

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் இழுவைத் திறனைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். இழுக்க முடியும் என்பது வேறு, சுமக்க முடியும் என்பது வேறு. டீசல் எஞ்சினே கனமானது. ரேமில் உள்ள கம்மின்ஸ் 6.7 லிட்டர் எஞ்சின் சுமார் 1,100 பவுண்டு. அதன் எடை சுமைத்திறனிலிருந்துதான் கழிகிறது. மேலே சொன்ன கணக்கில் விழுகிறவர்களுக்கு ஷாக், காற்றுப்பை, கூடுதல் பட்டை எதுவும் தீர்வல்ல. எந்த உதிரி பாகத்தை மாட்டினாலும் கதவு ஸ்டிக்கரில் உள்ள எண் உயராது. பிரேக், அச்சு, சக்கரத் தாங்கி எல்லாம் பழைய அளவிலேயே இருக்கின்றன. எடை குறைந்த ட்ரெய்லர் அல்லது ஒரு டன் (3500, எஃப்-350 வகை) வண்டி, இரண்டில் ஒன்றுதான் வழி.

எடைமேடைச் சீட்டு இன்னொன்றையும் சொல்லும். பம்பருக்கு அடியில் உள்ள ஹிட்சில் மாட்டும் சாதாரண ட்ரெய்லரில் 10 முதல் 15 சதவீத எடை ஹிட்ச் மேல் இறங்கும். அது பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால், முன் அச்சு லேசாகும். சீட்டில் முன் அச்சு எடை இருநூறு முந்நூறு பவுண்டு குறைந்திருந்தால் ஸ்டீயரிங் மிதப்பதுபோல் இருப்பதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. அதற்கு மருந்து, எடையைப் பங்கிட்டு முன் அச்சுக்குத் திருப்பியனுப்பும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்.

ஷாக்கைத் தேர்ந்தெடுப்பது

வரம்புக்குள் இருக்கிறீர்கள், பழைய ஷாக் தளர்ந்திருக்கிறது என்று உறுதியானபின் இங்கே வாருங்கள்.

இரட்டைக் குழாய், ஒற்றைக் குழாய் என்று இரு பெரும் வகை. இரட்டைக் குழாயில் உள்குழாயில் பிஸ்டனும் வெளிக்குழாயில் உபரி எண்ணெயும் இருக்கும். விலை மலிவு, ஓட்டம் மென்மை, கல் பட்டு வெளிச்சுவர் நசுங்கினாலும் பெரும்பாலும் வேலை செய்யும். அதன் பலவீனம் வெப்பம். எண்ணெயும் வாயுவும் ஒரே அறையில் இருப்பதால் நெடுநேரம் குலுங்கும் சாலையில் இரண்டும் கலந்து நுரைக்கும்; நுரையில் பிஸ்டனுக்குப் பிடிப்பு இருக்காது. ஒற்றைக் குழாயில் எண்ணெயையும் அதிக அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கிறது. நுரை எளிதில் வராது. குழாயின் சுவர் நேராகக் காற்றைத் தொடுவதால் சூடும் சீக்கிரம் ஆறும். ஆனால் அதே சுவரில்தான் பிஸ்டன் உரசி ஓடுகிறது. ஆழமாக ஒரு நசுங்கல் விழுந்தால் ஷாக் அங்கேயே இறுகிப்போகும்.

கனரக பிக்கப்பின் அச்சும் சக்கரமும் மிகப் பெரிய எடை. பள்ளத்தில் விழுந்து எழும் அந்த இரும்பு முழுவதையும் அடக்க வேண்டியது இந்த ஷாக்தான். அதனால் ட்ரெய்லர் இழுக்கும் எவருக்கும் ஒற்றைக் குழாய் வகையையே சொல்வேன். தொழிற்சாலை உயரத்தில் நிற்கும் வண்டிக்கு பில்ஸ்டீன் நிறுவனத்தின் 4600 போதும். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தியிருந்தால் 5100. இந்த நிறுவனத்தின் பிஸ்டன் மெதுவான அசைவிலேயே நல்ல எதிர்ப்பைக் கொடுத்து, திடீர் அடியில் வழிவிடும் விதத்தில் அமைந்தது. வண்டி வளைவில் சாய்வதும், பிரேக் போடும்போது மூக்கைக் குத்துவதும் குறையும். காலி வண்டியில் சிறு சிறு வெடிப்புகள் கொஞ்சம் தெரியும். ஃபாக்ஸ் 2.0 வகை சிறு அதிர்வுகளில் சற்று மிருதுவாக இருக்கும். உடல் அலுமினியம் என்பதால் சூடு வேகமாக வெளியேறும். குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் ஒன்டாரியோ, மிச்சிகன் போன்ற இடங்களில் அலுமினியத்தில் இரும்பு சேரும் இடங்களை ஒவ்வொரு வசந்தத்திலும் கழுவிப் பாருங்கள். அரிப்பு அங்கேதான் தொடங்கும்.

வாரநாளில் காலி, வார இறுதியில் கனத்த ட்ரெய்லர் என்று இரட்டை வாழ்க்கை வாழும் வண்டிக்கு ரேஞ்சோ ஆர்எஸ்9000எக்ஸ்எல் பொருத்தமாக இருக்கும். உடலில் உள்ள குமிழைத் திருப்பி ஒன்பது நிலைகளில் கடினத்தை மாற்றலாம். குனிந்து நான்கையும் திருப்பும் பொறுமை இருக்கிறவர்களுக்குத்தான் அது பயன்படும் என்பதையும் சொல்ல வேண்டும்.

தனி எண்ணெய்க் கலம் இணைந்த 2.5 அங்குல ஷாக்குகள், கழற்றிப் பழுதுபார்க்கக்கூடிய கிங், ஃபாக்ஸ் உயர்வகைகள் எல்லாம் அருமையான பொருள்கள். ஒரு ஜோடியின் விலையில் சாதாரண ஒற்றைக் குழாய் ஷாக் நான்கும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலை போல 414 மைல் நீளம், பெரும்பகுதி சரளை என்ற பாதையில் போகிறவருக்கு, டெத் வேலியின் ரேஸ்டிராக் சாலையில் மணிக்கணக்கில் குலுங்குகிறவருக்கு, அந்தக் கூடுதல் எண்ணெய் சூட்டைத் தாங்கிக் கொடுக்கும். தார்ச் சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்தப் பணத்தைச் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. நல்ல ஷாக் நான்கு வாங்கிவிட்டு, மீதியில் புதிய டயர் போடுங்கள்.

வாங்கும்போது வண்டியின் ஆண்டு, நான்கு சக்கர இயக்கம் உண்டா இல்லையா, எஞ்சின் டீசலா பெட்ரோலா, முன்பக்கம் எத்தனை அங்குலம் உயர்த்தப்பட்டிருக்கிறது ஆகிய நான்கையும் சொல்லி உதிரி எண்ணைப் பெறுங்கள். நீளம் இங்கே உயிர்நாடி. உயர்த்திய வண்டியில் பழைய நீள ஷாக்கை மாட்டினால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அச்சின் எடை முழுவதையும் ஷாக்கின் கம்பியே பிடித்துத் தொங்கும். உயர்த்தாத வண்டியில் நீளமான ஷாக்கை மாட்டினால் மேடேறும்போது அச்சின் ஏற்றத்தைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் தொடுவதற்கு முன்பே ஷாக் அடித்தளத்தில் முட்டி உடையும்.

முன்னால் இரண்டு மட்டும், பின்னால் இரண்டு மட்டும் என்று வாங்கலாம். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடவே கூடாது. என் யோசனை, நான்கையும் சேர்த்தே மாற்றுவது.

சுமைக்கு உதவும் துணைகள்

வரம்புக்குள் இருந்தும் பின்பக்கம் அதிகமாக அமிழ்கிறது என்றால் ஸ்பிரிங்குக்குத் துணை சேர்க்கலாம். வண்டியின் அடிச்சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவே வைக்கும் காற்றுப்பை பலருக்கும் பிடித்தது. ஏர் லிஃப்ட் லோட்லிஃப்டர் 5000, ஃபயர்ஸ்டோன் ரைடு-ரைட் இரண்டும் பரவலாகக் கிடைக்கும். சுமை ஏறியதும் காற்றை ஏற்றி உயரத்தைச் சரிசெய்யலாம், காலியானதும் இறக்கிவிடலாம். முழுவதும் இறக்கிவிடக் கூடாது. பெரும்பாலான பைகளுக்குக் குறைந்தது 5 பிஎஸ்ஐ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பையின் மடிப்புகள் உரசிக் கிழியும். இரண்டு பைகளுக்கும் தனித்தனிக் காற்றுக் குழாய் போடுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் ஒரு பையின் காற்று மறு பைக்கு ஓடி வண்டி இன்னும் சாயும். குழாய் புகைபோக்கிக்குப் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

காற்று, குழாய், கசிவு என்ற தொல்லை வேண்டாம் என்றால் டிம்ப்ரன் போன்ற ரப்பர் துணை ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. காலியாக இருக்கும்போது அவை அச்சைத் தொடாமல் ஒதுங்கியிருக்கும், அமிழும்போது தாங்கிக்கொள்ளும். பராமரிப்பு எதுவும் இல்லை. எப்போதாவது இழுக்கிறவருக்கு இதைத்தான் சொல்வேன்.

படுக்கையில் கேம்பர் என்னும் பெட்டி வீட்டை ஏற்றுகிறவரின் பாடு வேறு. அங்கே எடை உயரத்தில் இருப்பதால் அமிழ்வதைவிடப் பக்கவாட்டு ஆட்டம்தான் பயமுறுத்தும். அதற்குப் பின்பக்கத்தில் தடிமனான சாய்வுத் தடுப்புக் கம்பி வேண்டும். ஹெல்விக் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. நல்ல ஷாக்கும் அதோடு சேர்ந்தால்தான் முழுப் பலன்.

முன்பக்கத்தை உயர்த்தும் ஆசை

பின்பக்கம் சற்று உயர்ந்து முன்பக்கம் தாழ்ந்து நிற்பது சிலருக்குப் பிடிப்பதில்லை. இரண்டு அங்குல லெவலிங் கிட் வாங்கிச் சமமாக்குகிறார்கள். தொழிற்சாலை அப்படிச் சாய்வாக விட்டது சுமை ஏறும்போது வண்டி சமமாவதற்காக. ட்ரெய்லர் இழுக்கிற வண்டிக்கு இந்த கிட் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சுமை ஏறியதும் முகப்பு தூக்கி, ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

வைத்தே தீர வேண்டும் என்றால் சில விஷயங்கள். ஃபோர்டு, ரேம் திடமான அச்சு வண்டிகளில் முன்பக்கம் உயர்ந்தால் அச்சு சற்று முன்னோக்கிச் சுழன்று, சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வான காஸ்டர் கோணம் குறையும். ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பும் குணம் போய் வண்டி அலையும். அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் டிராக் பார் என்னும் கம்பி, அதை ஒரு பக்கமாக இழுத்திருக்கும். அதையும் சரிசெய்ய வேண்டும். சில்வராடோவிலும் சியராவிலும் டார்ஷன் பாரை முறுக்கினால் உயரம் ஏறும், ஆனால் சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம் அதே அளவுக்குக் குறையும். அதிகமாக முறுக்கிய வண்டியில், சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கை எப்போதும் ரப்பரை முட்டிக்கொண்டே நிற்கும். சிறு பள்ளத்திலும் இடிக்கும்.

திடமான அச்சு வண்டிகளில், ஒரு மேட்டில் ஏறியதும் முன்பக்கம் முழுவதும் பயங்கரமாக உதறும் கோளாறு ஒன்று உண்டு. ஓட்டுநர் கையைவிட்டு ஸ்டீயரிங் பறக்கும் அளவுக்கு அது இருக்கும். பெரும்பாலும் டிராக் பார் புஷ், பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் இணைப்புகளில் உள்ள தளர்ச்சிதான் வேர். ஸ்டீயரிங் உதறலைத் தணிக்கும் தடித்த டேம்பரை மாட்டி அதை மறைக்கலாம், மறைக்காதீர்கள். வேரைக் கண்டுபிடித்து மாற்றுங்கள்.

மாட்டும் வேலை

சமமான சிமென்ட் தரை, சக்கரத் தடுப்புகள், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், இரண்டு அளவு ஸ்பானர் செட், துருவை இளக்கும் எண்ணெய். துருப்பிடித்த வண்டி என்றால் முதல் நாள் மாலையே போல்ட்களில் அந்த எண்ணெயைத் தெளித்துவிடுங்கள்.

இந்த வண்டிகள் உயரமானவை. பலவற்றில் சக்கரங்கள் தரையில் நிற்கும்போதே ஷாக்கைக் கழற்றி மாட்ட இடம் இருக்கும். முடிந்தால் அப்படியே செய்யுங்கள், அதுதான் பாதுகாப்பு. ஜாக்கி போட்டே ஆக வேண்டும் என்றால் அடிச்சட்டத்துக்குக் கீழே ஜாக்கி ஸ்டாண்டும், அச்சுக்கு அடியில் தனி ஜாக்கியும் இருக்க வேண்டும். சுருள் ஸ்பிரிங் உள்ள பக்கத்தில் அச்சு கீழே இறங்காமல் பிடித்திருப்பது ஷாக்தான். தாங்கலில்லாமல் அதைக் கழற்றினால் அச்சு சட்டென்று இறங்கி, ஸ்பிரிங் இடம்விட்டு நழுவலாம், பிரேக் குழாய் இழுபடலாம். காற்றுப்பை வைத்த வண்டியைத் தூக்கும் முன் கையேட்டில் சொன்னபடி காற்றை இறக்குங்கள். தொழிற்சாலைக் காற்று சஸ்பென்ஷன் உள்ள ரேமில் ஜாக்கி நிலையைத் திரையில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரே ஷாக். பாகங்களின் வரிசை தெரியாமல் போனால் மறுபக்கத்தில் உள்ளது பார்த்துக்கொள்ள உதவும். புதிய வாயு ஷாக் ஒரு பட்டையால் சுருக்கிக் கட்டப்பட்டு வரும். மேல் முனையை மாட்டி, நட்டைப் போட்டபின் அந்தப் பட்டையை வெட்டுங்கள். ஷாக் மெதுவாக, தடுக்க முடியாத பலத்தோடு விரியும். விரலைக் கீழ்த் தாங்கியின் அருகே வைக்காதீர்கள். கீழ்த் துளை போல்ட்டுக்கு நேராக வரும்போது உள்ளே தள்ளிவிடலாம்.

மேல் முனை ஒற்றைக் கம்பியாக இருக்கும் ஷாக்கில், நட்டைத் திருப்பும்போது கம்பியே சேர்ந்து சுற்றும். கம்பியின் பளபளப்பான பகுதியை இடுக்கியால் பிடிக்கவே கூடாது. அதில் விழும் ஒரு கீறல் சீலை அறுத்து, புது ஷாக்கைச் சில மாதத்தில் ஒழுக வைக்கும். கம்பியின் உச்சியில் ஸ்பானர் பிடிக்க வெட்டிய இடம் இருக்கும், அதைப் பிடியுங்கள். ரப்பர் வளையம் நசுங்கி வாஷரின் விளிம்பளவுக்குப் பிதுங்கும்போது பார்வைக்குச் சரியாக இருக்கும். அதற்கு மேல் ஷாக்கோடு வந்த தாளில் உள்ள டார்க் அளவே சட்டம். கீழ் போல்ட்டின் இறுதி இறுக்கத்தை வண்டியின் எடை முழுவதும் சக்கரத்தில் இறங்கியபின் செய்யுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கிய புஷ் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

கழற்றிய பழைய ஷாக்கை வெட்டவோ துளையிடவோ நெருப்பில் போடவோ வேண்டாம். உள்ளே நைட்ரஜன் இன்னும் அழுத்தத்தோடு இருக்கிறது. பழைய இரும்பு வாங்கும் இடத்தில் அதைச் சொல்லியே கொடுங்கள்.

புதிய பாகம் போட்டதால் உத்தரவாதம் போய்விடும் என்று டீலர் சொன்னால் பதற வேண்டாம். 1975-இல் வந்த மேக்னசன்–மாஸ் உத்தரவாதச் சட்டப்படி, வெளிநிறுவனப் பாகத்தால்தான் அந்தக் குறிப்பிட்ட கோளாறு வந்தது என்று காட்டினால்தான் அமெரிக்காவில் உத்தரவாதத்தை மறுக்க முடியும். ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அதன் பிறகு

ஷாக் மட்டும் மாற்றினால் திடமான அச்சு வண்டிக்கு வீல் அலைன்மெண்ட் தேவைப்படாது. உயரத்தை மாற்றியிருந்தால் கட்டாயம் தேவை. ஹெட்லைட்டையும் இறக்கி வைக்க வேண்டும், முன் கேமரா உள்ள புதிய வண்டிகளில் அதையும் மறுபடி அளவமைக்கச் சொல்ல வேண்டும்.

முதல் ஓட்டத்தைப் பழக்கமான சாலையில் வையுங்கள். பழைய ஷாக்கோடு எங்கே குலுங்கியது என்று தெரிந்த இடங்களில் வேறுபாடு உடனே தெரியும். காலியாக ஒருமுறை, பிறகு ட்ரெய்லரோடு ஒருமுறை. புது ஷாக் முதல் சில நாள்கள் சற்று விறைப்பாக இருப்பது இயல்பு. சில நூறு மைல் ஓடியபின் டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் போங்கள். எட்டு முனைகளையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். அமர்ந்துகொண்ட ரப்பரால் ஓரிரண்டு நட் தளர்ந்திருக்கும். கம்பி நுழையும் இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை அங்கே ஈரம் இருந்தால் அது புதியது என்று தெரியும்.